மூடிய சிப்பிக்கு முன்பணம்! - கேம் திருவிழாவுக்குக் கண்விழிக்கும் முத்துநகர்

ஜூன் மாதத்தின் முதல் பாதியில் தூத்துக்குடியில் இரண்டு காத்திருப்புகள் நடக்கும்.

ஒன்று, ஊரறிந்தது. ஏப்ரல் 15-ல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 நள்ளிரவோடு முடியும். அதுவரை மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடக்கும். கிழிந்த வலையைச் சரிபார்ப்பது, எஞ்சினைப் பிரித்து மாட்டுவது, படகுக்குப் பெயின்ட் அடிப்பது என்று வேலை ஓடும். எல்லார் நினைப்பும் 15-ம் தேதி விடிகாலையின் மேல்தான்.

இன்னொன்று, வீட்டுக்குள் சத்தமில்லாமல் நடப்பது. ராத்திரி இரண்டரை மணி. தெருவே அடங்கிவிட்டது. ஒரு போர்வைக்குள் மட்டும் செல்போன் வெளிச்சம். "ஏலே, விடிஞ்சா ஸ்கூலு. இன்னும் போனை நோண்டிக்கிட்டா கிடக்க?" என்று அம்மாவின் குரல் வந்தால் வெளிச்சம் அணையும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி எரியும்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து மேடை ஒன்றில் அடுத்து என்ன புது வீடியோ கேம் அறிவிக்கப்போகிறார்கள் என்பதைப் பார்க்கத்தான் இந்தக் கண்விழிப்பு. 'சம்மர் கேம் ஃபெஸ்ட்' என்கிற அந்த நிகழ்ச்சி 2024-லும் 2025-லும் அங்கே பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கியது. நமக்கு அது நள்ளிரவு தாண்டி 2.30 மணி. நேர வித்தியாசம் பன்னிரண்டரை மணி நேரம். அவர்களுக்கு மதியச் சாப்பாட்டு வேளை முடிந்த நேரம், நமக்கு ஆழ்ந்த தூக்க நேரம்.

பெரியவர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியலாம். 'இன்னும் வராத ஒரு விளையாட்டுக்கு, விளம்பரம் பார்க்கத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதா?' என்று கேட்கலாம். ஆனால் 2021 பிப்ரவரியை நினைத்துப் பாருங்கள். சேப்பாக்கத்தில் டெஸ்ட் மேட்ச் நடக்கும்போது, எல்லைக் கோட்டருகே நின்ற இங்கிலாந்து வீரர் மொயீன் அலியிடம் 'வலிமை அப்டேட்' கேட்டவர்கள் நம்மவர்கள்தான். ஃபர்ஸ்ட் லுக், டீசர், டிரெய்லர், முதல் நாள் முதல் காட்சி என்று காத்திருந்தே பழகிய ஊர் இது. கேமுக்காக விழித்திருப்பவர்களும் அதே ரத்தம்தான்.

விலையைச் சொன்னார், இறங்கினார்!

இந்தக் காத்திருப்புக்குப் பிள்ளையார் சுழி போட்ட இடம் 'எலக்ட்ரானிக் எண்டர்டெயின்மென்ட் எக்ஸ்போ'. செல்லமாக 'இ3'. கேம் தயாரிக்கும் நிறுவனங்களும் அவற்றை விற்கும் கடைக்காரர்களும் பத்திரிகையாளர்களும் ஒரே கூரையின் கீழ் கூடும் வர்த்தகக் கண்காட்சி. 1995 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் மாநாட்டு மையத்தில் முதன்முறையாக நடந்தது.

அந்த முதல் கண்காட்சியிலேயே ஒரு சம்பவம். 'சேகா' நிறுவனம் தன் 'சாட்டர்ன்' கருவியின் விலை 399 டாலர் என்று அறிவித்தது. பிறகு சோனியின் முறை. ப்ளேஸ்டேஷன் அமெரிக்காவுக்கு வரவிருந்த நேரம். சோனியின் கேம் பிரிவு அமெரிக்கத் தலைவர் ஸ்டீவ் ரேஸ் மேடையேறினார். '299' என்று விலையை மட்டும் சொன்னார். இறங்கிவிட்டார். கைத்தட்டலில் அரங்கம் அதிர்ந்தது. கேம் உலகத்தில் இன்றைக்கும் பேசப்படும் மிகச் சிறிய மேடைப்பேச்சு அதுதான்.

2013-லும் ஏறக்குறைய அதே கதை. மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிக்கு 499 டாலர் சொன்ன அதே நாளில், சோனி ப்ளேஸ்டேஷன் 4-க்கு 399 டாலர் என்றது. ஒரே நாள், நேருக்கு நேர் மோதல். தீபாவளிக்கு இரண்டு பெரிய ஹீரோ படங்கள் மோதுவதைப் போல. ரசிகர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

2018-ல் ஒரு பொருத்தம் அமைந்தது. அந்த ஆண்டு இ3 ஜூன் 12-ல் தொடங்கி ஜூன் 14-ல் முடிந்தது. தூத்துக்குடியில் தடைக்காலம் முடிவதும் ஜூன் 14. வலையோடு காத்திருந்தவர்களும் வைஃபையோடு காத்திருந்தவர்களும் ஒரே வாரத்தில் கரைசேர்ந்தார்கள்.

கேசட்டிலிருந்து ஜியோவுக்கு...

இந்தக் கரையில் வீடியோ கேம் எப்போது வந்தது என்று தேதி குறித்துச் சொல்ல முடியாது. ஆனால் எப்படி வந்தது என்பது முப்பது வயது தாண்டிய எவருக்கும் தெரியும். முதலில் டி.வி-யோடு மாட்டும் பெட்டி, அதில் செருகும் கேசட். 'உள்ளே 9999 கேம்' என்று அட்டையில் போட்டிருக்கும். பிரித்தால் அதே மாரியோவும் அதே டாங்கியும் பெயர் மாறி மாறி வரும். பிறகு பிரவுசிங் சென்டர்கள் வந்தன. மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ரோட் ராஷ், வைஸ் சிட்டி, கவுன்டர் ஸ்ட்ரைக். 'கெடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்' என்கிற கேமுக்கு அதில் வரும் ஒரு பாத்திரத்தின் பெயரால் 'முஸ்தபா' என்று இந்தியா முழுக்கப் பெயர் சூட்டப்பட்டதும் அந்தக் காலத்தில்தான்.

அப்போதெல்லாம் இ3-யில் என்ன நடந்தது என்பது இங்கே தாமதமாகத்தான் தெரியும். 'டிஜிட்' போன்ற ஆங்கில மாத இதழ்களோடு சி.டி. வரும். அதில் கேம் டிரெய்லர்களும் டெமோக்களும் இருக்கும். யாரோ ஒருவர் வாங்க, அது பத்துப் பேர் கைமாறும். ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் காட்டியதை இங்கே பார்ப்பதற்குள் மழைக்காலம் நெருங்கிவிடும்.

2016 செப்டம்பர் 5-ல் ஜியோ வந்தது. டேட்டா விலை தரைக்கு இறங்கியது. ஒரு ஜி.பி-யை ஒரு மாதம் வைத்துக் குடித்தனம் நடத்திய குடும்பங்கள், தினமும் ஒரு ஜி.பி. செலவழிக்க ஆரம்பித்தன. அடுத்த ஆண்டு, 2017 ஜூனில் நடந்த இ3-தான் நம் ஊர்களில் சாதாரண செல்போனில் நேரலையாகப் பார்க்க வாய்த்த முதல் இ3. சோனியின் நிகழ்ச்சி நமக்குக் காலை ஆறரை மணிக்கு. பல் தேய்த்துக்கொண்டே பார்க்கலாம்.

அந்த மேடையில் ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. 'அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகஸி' கேமின் டிரெய்லர். கதை நடக்கும் இடம், நம் மேற்குத் தொடர்ச்சி மலை. தேடப்படும் புதையல், விநாயகரின் தந்தம். ஹொய்சாளர் காலத்துக் கோயில் சிற்பங்கள் திரையில் விரிந்தன. நியூயார்க்கையும் லண்டனையுமே கேம்களில் பார்த்துப் பழகியவர்களுக்கு, குற்றாலத்துச் சாரலுக்குச் சொந்தமான மலைத்தொடரை உலக மேடையில் பார்த்தது புதுசு. அந்த கேம் சொன்னபடி 2017 ஆகஸ்டில் வெளிவந்தது.

அதே இ3-யில் 'யூபிசாஃப்ட்' நிறுவனம் 'பியாண்ட் குட் அண்ட் ஈவில் 2' என்கிற கேமைக் காட்டியது. அதில் 'கணேஷா சிட்டி' என்று ஒரு விண்வெளி நகரம். இந்தியக் கோபுரங்கள், இந்திய முகங்கள். பார்த்தவர்கள் சொக்கிப்போனார்கள். ஆனால் இந்த கேமை முதன்முதலில் அறிவித்தது 2008-ல். மறுபடி காட்டியது 2017-ல். அதன் கர்த்தா மிஷெல் ஆன்செல் 2020-ல் கேம் துறையைவிட்டே விலகிவிட்டார். இலவு காத்த கிளி என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

சலாபம் வரப்போகுது!

அறிவிப்புக்காகக் காத்திருப்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. ப்ளேஸ்டேஷனுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே ஒரு பெரிய அறிவிப்புத் திருவிழா இருந்தது. அதன் பெயர் சலாபம். முத்துக்குளிக்கும் பருவம்.

முத்துச்சிப்பி எல்லா வருடமும் கிடைக்காது. கடலுக்கடியில் 'பார்' எனப்படும் பாறைத் திட்டுகளில் சிப்பிகள் வளரும். சில வருடம் கொழிக்கும், சில வருடம் ஒன்றுகூட இருக்காது. நடுவில் பல ஆண்டுகள் வெறுமையாகப் போனதும் உண்டு. அதனால் அரசாங்க அதிகாரிகள் முன்கூட்டியே படகில் போய், ஆட்களைக் குளிக்கவிட்டு, மாதிரிச் சிப்பிகளை எடுத்துவருவார்கள். எத்தனை சிப்பியில் எவ்வளவு முத்து, என்ன தரம் என்று மதிப்பீடு நடக்கும். தேறும் என்று தெரிந்தால்தான் சலாபம் அறிவிக்கப்படும்.

அறிவிப்பு வந்துவிட்டால் போதும், கரையே மாறிவிடும். கொட்டகைகளாலான ஒரு தற்காலிக ஊர் எழும்பும். தூத்துக்குடிக் கரையின் பரதவர்களும் கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம்களும் குளியாட்களாக வருவார்கள். வியாபாரிகள், வட்டிக்கடைக்காரர்கள், பலகாரக்காரர்கள் கூடுவார்கள். சுறாவின் வாயைக் கட்டுவதாக மந்திரம் ஓதும் 'கடல் கட்டி'களுக்குக்கூட அரசாங்கமே கூலி கொடுத்தது. குளியாள் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ஒரு நிமிடம் அளவுக்கு மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கி மேலே வருவார்.

அடுத்த கட்டம்தான் முக்கியம். கரைக்கு வந்த சிப்பிகளை, திறக்காமலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலம்விடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஏலம் விடுபவருக்கும் தெரியாது, எடுப்பவருக்கும் தெரியாது. ஆயிரம் சிப்பியில் ஒரு பெருமுத்து இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் அழுகிய சிப்பியின் நாற்றம்தான் மிச்சம்.

மன்னார் வளைகுடாவின் அக்கரையில், இலங்கைப் பக்கம் 1905-ல் நடந்த சலாபத்தில் சுமார் 8 கோடி சிப்பிகள் எடுக்கப்பட்டன. அதைப் பார்த்து ஆசைப்பட்ட லண்டன் நிறுவனம் ஒன்று, அடுத்த ஆண்டே இலங்கைப் பார்களை 20 ஆண்டுக்குக் குத்தகை எடுத்தது. ஓரிரு ஆண்டுகளில் பார் வெறிச்சோடியது. 8 கோடி சிப்பி கிடைத்த இடத்தில் குளிக்கவே ஆள் தேவைப்படவில்லை. நேற்றைய வரத்தை வைத்து நாளைய வரத்துக்குப் பணம் கட்டியதன் பலன் அது.

தூத்துக்குடியில் கடைசியாக 1955 முதல் 1961 வரை சலாபங்கள் நடந்தன. அதோடு சரி. ஊரின் பெயரில் முத்து இருக்கிறது, ரயிலின் பெயரில் முத்து இருக்கிறது. முத்துச் சலாபம் இல்லை.

80 லட்சம் பேர் வாங்கிய சிப்பி

கேம் உலகத்தில் மூடிய சிப்பிக்குப் பெயர் 'ப்ரீ-ஆர்டர்'. கேம் வெளிவருவதற்கு முன்பே, டிரெய்லரை மட்டும் பார்த்து முழுப் பணத்தையும் கட்டிவிடுவது.

இதற்கு 'சைபர்பங்க் 2077' கதையைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது. 2019 ஜூனில் இ3-யையொட்டி நடந்த மைக்ரோசாஃப்ட் நிகழ்ச்சி. நமக்கு நள்ளிரவு தாண்டிய நேரம். திடீரென்று ஹாலிவுட் நடிகர் கியானு ரீவ்ஸ் மேடைக்கு வந்தார். அவரே கேமில் ஒரு பாத்திரம். வெளியீடு 2020 ஏப்ரல் 16 என்று அறிவித்தார்கள். அரங்கம் கொண்டாடியது. பிறகு தேதி தள்ளிப்போனது. மறுபடி தள்ளிப்போனது. கடைசியில் 2020 டிசம்பர் 10-ல் வந்தது. அதற்குள் 80 லட்சம் பேர் முன்பணம் கட்டியிருந்தார்கள்.

திறந்து பார்த்தால், பழைய ப்ளேஸ்டேஷன் 4-லும் எக்ஸ்பாக்ஸ் ஒன்-லும் கேம் திணறியது. படம் உறைந்தது, பாத்திரங்கள் அந்தரத்தில் தொங்கின. ஒரே வாரத்தில் சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதைத் தூக்கியது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் அறிவித்தது. அதைத் தயாரித்த போலந்து நிறுவனம் பிறகு வருடக்கணக்கில் உழைத்துச் சரிசெய்தது. இன்றைக்கு அது நல்ல கேம் என்று பெயரெடுத்திருக்கிறது. பொறுத்து வாங்கியவர்களுக்கு அந்த நல்ல கேம் குறைந்த விலையிலும் கிடைத்தது.

செல்போன் கேமிலும் இதே கதை உண்டு. 2022 பிப்ரவரியில் 'ஃப்ரீ ஃபயர்' இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. 2023 ஆகஸ்ட் கடைசியில், 'செப்டம்பர் 5-ல் ஃப்ரீ ஃபயர் இந்தியா வருகிறது' என்று அறிவிப்பு வந்தது. விளம்பரத் தூதர் தோனி. கேட்கவா வேண்டும்? அந்தத் தேதிக்கு முந்தைய நாள், 'சில வாரங்கள் தள்ளிவைக்கிறோம்' என்றார்கள். சில வாரங்கள் மாதங்களாயின. மாதங்கள் ஆண்டுகளாயின.

நம் நாட்டு ரசிகர்களுக்கு விலை என்கிற இன்னொரு சுமையும் சேர்கிறது. 399 டாலர் என்று 2013 இ3 மேடையில் கைத்தட்டல் வாங்கிய ப்ளேஸ்டேஷன் 4, அன்றைய கணக்கில் சுமார் 23,000 ரூபாய். இந்தியாவுக்குத் தாமதமாக வந்தபோது விலை 39,990 ரூபாய். ப்ளேஸ்டேஷன் 5 அமெரிக்காவில் 2020 நவம்பரில் வெளியானது. இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2-ல் வந்தது, டிஸ்க் போடும் மாடல் 49,990 ரூபாய். அதில் விளையாட ஒரு பெரிய புது கேம் 4,999 ரூபாய். உப்பளத்திலோ, துறைமுகத்திலோ, கடையிலோ வேலைபார்க்கும் பெற்றோரின் பிள்ளைக்கு அது சின்னத் தொகை கிடையாது. முன்பணம் கட்டி ஏமாந்தால், அந்த வருடத்தின் பிறந்தநாள் பரிசே போய்விட்டது என்று அர்த்தம்.

மாதிரிச் சிப்பியைப் பாருங்கள்

சலாபக் காலத்து அதிகாரிகளிடம் கற்றுக்கொள்ள ஒரு விஷயம் இருக்கிறது. மாதிரி எடுத்துப் பார்க்காமல் அவர்கள் சலாபத்தை அறிவிக்கவில்லை. கேம் ரசிகர்களுக்கும் இன்றைக்கு அந்த வசதி உண்டு.

கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் 'ஸ்டீம்' தளத்தில், 'நெக்ஸ்ட் ஃபெஸ்ட்' என்கிற பெயரில் வருடத்துக்கு மூன்று முறை, வரவிருக்கும் கேம்களின் டெமோக்களை இலவசமாக விளையாடிப் பார்க்கலாம். பிடித்திருந்தால் குறித்து வைத்துக்கொள்ளலாம். அதே தளத்தில் வாங்கிய கேம் பிடிக்கவில்லையென்றால், 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் விளையாடாமல் இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 2015 நவம்பர் முதல் அங்கே ரூபாயிலேயே விலை காட்டுகிறார்கள்.

டிரெய்லர் பார்க்கும்போதும் ஒரு கண் வேண்டும். சில டிரெய்லர்கள் முழுக்க அனிமேஷன் படம். விளையாடும்போது திரையில் வருவது அதுவாக இருக்காது. கேமை ஒருவர் உண்மையாகவே விளையாடிக் காட்டும் காட்சி வரும்வரை பர்ஸைத் திறக்காமல் இருப்பது உத்தமம். வெளிவந்து ஒரு வாரம் ஆனபிறகு, வாங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்து வாங்கினால் எந்த நஷ்டமும் இல்லை. ஆழம் தெரியாமல் காலைவிடக் கூடாது என்பது கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டிய பழமொழியா என்ன?

கண்விழிப்புக்கும் வழி இருக்கிறது. ராத்திரி இரண்டரை மணிக்கு நடந்த நிகழ்ச்சி, காலையில் யூடியூபில் முழுசாகக் கிடைக்கும். அறிவிப்புகளை மட்டும் தொகுத்துப் பத்து நிமிட வீடியோவும் வரும். ஜெர்மனியின் கொலோன் நகரில் ஆகஸ்டில் நடக்கும் 'கேம்ஸ்காம்' கண்காட்சியின் தொடக்க நிகழ்ச்சி நமக்கு இரவு பதினொன்றரை மணி வாக்கில் வரும். பள்ளிக்கூட நாள்களில் இரண்டரை மணி நிகழ்ச்சியைக் காலைக்குத் தள்ளிவைத்து, அதை மட்டும் நேரலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் ஓர் ஒப்பந்தம் போட்டால், போர்வைக்குள் ஒளிய வேண்டிய அவசியம் இருக்காது.

பெற்றோர்கள் பிரித்துப் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பணம்கட்டி ஆடும் ஆன்லைன் ரம்மி போன்றவை வேறு, இங்கே பேசும் வீடியோ கேம்கள் வேறு. இரண்டையும் 'ஆன்லைன் கேம்' என்று ஒரே பெயரில் சொல்வதால் குழப்பம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம்வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்தது. இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் போட்டி விளையாட்டுகளை அதே சட்டம் அங்கீகரிக்கிறது. அதற்காகச் சாதாரண கேம்களில் பணம் போகாது என்று நினைத்துவிட வேண்டாம். துப்பாக்கிக்கு நிறம், வீரனுக்குச் சட்டை என்று உள்ளுக்குள்ளேயே கடை இருக்கும். அப்பாவின் போனில் விளையாடினால், ஆப் ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்துவிடுவது நல்லது.

கண்காட்சி போனது, காத்திருப்பு போகவில்லை

இத்தனைக்கும் காரணமான இ3 இப்போது இல்லை. 2019-ல் சோனி கலந்துகொள்ளவில்லை. 2020-ல் கொரோனாவால் ரத்தானது. 2021-ல் ஆன்லைனில் மட்டும் நடந்தது. 2022-லும் 2023-லும் நடக்கவில்லை. 2023 டிசம்பர் 12-ல் 'இனி இ3 கிடையாது' என்று அதை நடத்திய அமெரிக்க கேம் நிறுவனங்களின் சங்கம் அறிவித்தது. நிறுவனங்கள் தாங்களே வீடியோ தயாரித்து நேரடியாக ரசிகர்களுக்குக் காட்டும் வசதி வந்தபிறகு, லட்சக்கணக்கில் டாலர் கொட்டி அரங்கம் போட அவர்களுக்கு மனமில்லை.

சலாபம் நின்றபோது இந்தக் கரை என்ன செய்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். முத்து எப்போது வரும் என்று கடலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கவில்லை. 1973-ல், தூத்துக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் வெப்பலோடையில், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி கே.அழகர்சாமியும் அவரது குழுவினரும் இந்தியாவில் முதன்முறையாக உருண்டை வடிவ வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். சிப்பிக்குள் ஒரு சிறு மணியையும், இன்னொரு சிப்பியின் திசுத் துணுக்கையும் வைத்து, மறுபடி கடலில் விட்டு வளர்க்கும் முறை. வருமா, வராதா என்று காத்திருந்து எடுத்த முத்தை, நாமே செய்து எடுக்கலாம் என்று காட்டிய ஊர் இது.

கேமிலும் அந்தத் திருப்பம் தொடங்கிவிட்டது. புனேயின் 'நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ்' குழு, பல ஆண்டுப் பாடுபட்டு உருவாக்கிய 'ராஜி' 2020 ஆகஸ்டில் நின்டெண்டோவின் அறிவிப்பு நிகழ்ச்சியிலேயே உலகுக்குக் காட்டப்பட்டு, அன்றே வெளியானது.

தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமானது 'வெண்பா'. கனடாவின் டொரன்டோவில் இருக்கும் 'விசை கேம்ஸ்' 2023 ஜூலையில் வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயரும் ஒரு தமிழ்த் தாயின் கதை. துப்பாக்கி இல்லை, கார் ரேஸ் இல்லை. அம்மா கொடுத்த பழைய சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விடுபட்ட வரிகளை யூகித்து இட்லி அவிக்க வேண்டும், புட்டு செய்ய வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே போகும் என்பதுதான் முதல் புதிர்! ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் இந்தச் சிறிய கேம், 2024-ல் சான் பிரான்சிஸ்கோவில் சுயாதீன கேம்களுக்கான விழாவின் தலைமைப் பரிசை வென்றது. அதே ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விழாவில் சிறந்த அறிமுக கேம் விருதும் கிடைத்தது. இட்லிப் பானைக்கு உலக மேடையில் இடம் கிடைத்ததை, நம் ஊர் அம்மாக்களிடம் இன்னும் யாரும் சரியாகச் சொல்லவில்லை. இந்த கேமை வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து விளையாடலாம். புட்டுக் கட்டத்தில் பிள்ளை தோற்று, அம்மா ஜெயிப்பதற்கு நிறைய வாய்ப்பு உண்டு.

கண்காட்சியும் பக்கத்தில் வந்துவிட்டது. பல ஆண்டுகள் ஹைதராபாத்தில் நடந்துவந்த இந்திய கேம் உருவாக்குநர்கள் மாநாடு, 2025 நவம்பரில் சென்னை வர்த்தக மையத்தில் நடந்தது. கேம் செய்பவர்களும், செய்ய விரும்புபவர்களும், முதலீடு போடுபவர்களும் சந்திக்கும் இடம். லாஸ் ஏஞ்சலஸ் மேடையை நள்ளிரவில் போனில் பார்த்தவர்களுக்கு இது ஒரு ராத்திரிப் பயண தூரம். தூத்துக்குடியில் இரவு முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறினால், காலையில் எழும்பூர்.

அங்கே போகும்போது கையில் ஏதாவது இருந்தால் நல்லது. 'கோடோ' போன்ற கேம் உருவாக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கல்லூரி லேப்டாப் போதும். கல்லைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் இறங்கிய குளியாள், சுறாவுக்கு மந்திரம் சொன்ன கடல் கட்டி, திறக்காத சிப்பிக்கு விலை கேட்ட வியாபாரி என்று இந்தக் கரையில் சொல்லப்படாத கதைகள் எக்கச்சக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையை அமெரிக்க நிறுவனம் கேமாக்கிவிட்டது. மன்னார் வளைகுடாவின் பார்கள் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன. தூத்துக்குடியிலிருந்து யாராவது ஒருவர் அதைச் செய்து மேடையேறும் அன்றைக்கு, இரண்டரை மணி என்றாலும் அம்மாவும் சேர்ந்தே கண்விழிப்பார்.